முக்கால் டேங்க் கணக்கு

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர் யாரிடமாவது "நேற்று ஜேபி போய்விட்டு வந்தோம்" என்று சொல்லிப் பாருங்கள். (ஜேபி என்றால் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசியாவின் ஜொகூர் பாரு.) என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கடைக்குப் போனீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் வருவது "எண்ணெய் அடிச்சாச்சா?" என்ற கேள்வி. அடிக்கவில்லை என்று சொன்னால், கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கடற்பாலத்தைத் தாண்டினால் பெட்ரோல் மலிவு, ஆகவே தாண்டுகிறவன் நிரப்பித்தான் வர வேண்டும். இது இந்த ஊரில் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் யீஷூனில் இருக்கிறேன், மனைவியின் அண்ணன் வீடு ஜொகூரில், என் தாய்மாமா கோலாலம்பூர் பக்கத்தில் கிள்ளானில். ஆக எல்லை தாண்டாமல் எங்களுக்கு வேறு வழியில்லை. பல வருடமாக இந்த எண்ணெய்க் கணக்கைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஜாமில் நிற்கும்போது சும்மா போனை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். ஊரார் பெருமை பேசும் ஜேபி பயணத்தில் மிச்சம் ஒன்றுமே இல்லை. ஊரார் "அவ்வளவு தூரம் ஓட்டினா எண்ணெய் எவ்வளவு குடிக்கும்" என்று பயப்படும் கிள்ளான் பயணத்தில்தான் மிச்சம் கொட்டிக் கிடக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் யாரும் நம்புவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விலை. நான் பயன்படுத்தும் எண்களெல்லாம் 2025ஆம் ஆண்டு நிலவரம். பெட்ரோல் விலை கூடும் குறையும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. சிங்கப்பூரில் 95 ரக பெட்ரோல் பலகை விலை லிட்டர் 2.80 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஒட்டி இருந்தது. பலகை விலை கொடுத்து இங்கே யாரும் அடிப்பதில்லை. இந்த வங்கி அட்டை, அந்த உறுப்பினர் அட்டை என்று இரண்டு மூன்றை நீட்டி, கடைசியில் 2.30 சுமாருக்குக் கொண்டுவந்துவிடுவோம். (இந்தத் தள்ளுபடி நாடகம் எதற்கு, நேராகவே 2.30 என்று எழுதி வைத்தால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) அதற்குள் லிட்டருக்கு 66 காசு பெட்ரோல் தீர்வை. 98 போன்ற உயர் ரகத்துக்கு 79 காசு. 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் ஒரே இரவில் பத்து காசும் பதினைந்து காசும் ஏற்றியபோது வந்த அளவு இது. அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஜூரோங் தீவில் இத்தனை பெரிய சுத்திகரிப்பு ஆலைகளை வைத்துக்கொண்டு இந்த விலையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆலை பக்கத்தில் இருந்தால் விலை குறையும் என்பதெல்லாம் நம் ஆசைதான். காரை ஆடம்பரமாகப் பார்க்கும் ஊரில் பெட்ரோலுக்கும் அதே பார்வைதான்.

அந்தப் பக்கம் கதையே வேறு. மலேசியாவில் பெரும்பாலும் ரோன் 95, ரோன் 97 என்று இரண்டு ரகம். 95க்கு அரசாங்க மானியம் உண்டு, 2021 தொடக்கத்திலிருந்து 2025 செப்டம்பர் வரை லிட்டர் 2.05 ரிங்கிட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். 97க்கு மானியம் கிடையாது, உலகச் சந்தையை ஒட்டி ஏறி இறங்கும். 2025இல் பெரும்பாலும் 3.20 ரிங்கிட் பக்கம் இருந்தது. ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று வைத்தால் 97இன் லிட்டர் விலை 97 காசுதான் வருகிறது, மனப்பாடம் செய்யக்கூட வசதி. 95 வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது, 2010 முதலே தடை. ஆகவே சிங்கப்பூர் வண்டிக்கு 97தான், பச்சைக் குழாய்தான். மஞ்சள் குழாயில் கை வைக்கக் கூடாது.

97 காசுக்கும் 2.30க்கும் நடுவில் 1.33 வெள்ளி. இந்த 1.33தான் எல்லாருடைய கண்ணையும் மறைக்கிறது.

இவ்வளவு வித்தியாசம் எப்போதுமே இருந்ததில்லை. 1973 வரை இரண்டு நாட்டு நாணயமும் ஒன்றுக்கொன்று சமம், அங்கே இதைக் கொடுக்கலாம், இங்கே அதைக் கொடுக்கலாம். எண்பதுகளின் கடைசியில்கூட ஒரு வெள்ளிக்கு ஒரு ரிங்கிட் நாற்பது காசு அளவில்தான் இருந்தது. அப்போதே இங்குள்ளவர்கள் எண்ணெய் நிரப்ப மட்டும் பாலம் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் வரியை வைத்துக் கார் ஓட்டத்தைக் குறைக்கலாம் என்று அரசாங்கம் நினைத்தால், சனம் அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போய் அங்கே ஊற்றிக்கொண்டு வந்தது. விடுவார்களா? 1989இல் அரை டேங்க் விதி வந்தது. சிங்கப்பூரில் பதிவான கார் எல்லை தாண்டும்போது டேங்கில் பாதியாவது இருக்க வேண்டும். அதுவும் போதவில்லை என்று 1991இல் முக்கால் ஆக்கினார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று தாங்களே கார் ஓட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்துப் பதறுகிறார்கள். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம், அதைவிடக் கொடுமை, வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அபராதத்தைவிடத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். என் அலுவலகத்து நண்பர் ஒருவருக்குப் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை இது நடந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது முள் முக்காலுக்கு மேலே ஒரு முடி அளவு இருந்ததாம். பாலத்துக்கு முன்னால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம், ஏர்கான் ஓட, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். சாவடிக்கு வரும்போது முள் ஒரு முடி அளவு கீழே இருந்தது. அதிகாரி சன்னலுக்குள் எட்டிப் பார்த்து "சார், யூ-டர்ன்" என்றிருக்கிறார். திரும்பி வந்து, உட்லண்ட்ஸிலேயே பத்து லிட்டர் ஊற்றி, மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றபோது அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்.

இந்த முள் பெரிய ஏமாற்றுப் பேர்வழி என்பது வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். டேங்க் சதுரப் பெட்டி கிடையாது, சீட்டுக்கும் அச்சுக்கும் இடமளித்து வளைந்து நெளிந்திருக்கும். அதற்குள் மிதக்கும் ஒரு மிதவையின் கை மேலே போய்க் கீழே வருவதைத்தான் முள் காட்டுகிறது. பல வண்டிகளில் மேல் கால்வாசி மெதுவாக இறங்கும், கீழ்ப் பாதி சரசரவென்று இறங்கும். முள் முக்காலைக் காட்டுகிறது என்றால் உள்ளே உண்மையில் முக்கால் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் அதிகாரிக்கு முள்தான் சாட்சி. புது வண்டிகளில் முள்ளே கிடையாது, எட்டுக் கட்டம். ஆறு கட்டம் எரிய வேண்டும். ஐந்து எரிந்தால் ஐந்தரை என்று வாதாட முடியாது. அதனால்தான் கூட்ட நாளில் பாலத்துக்குப் போகிறவர்கள் உட்லண்ட்ஸ் பக்கமே ஒரு ஐந்து பத்து லிட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டு போவார்கள். அதுவும் சிங்கப்பூர் விலையில். அங்கேயே கணக்கில் முதல் ஓட்டை.

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரண செடான் கார், 50 லிட்டர் டேங்க். முக்கால் என்றால் 37.5 லிட்டர். அந்தப் பக்கம் ஊற்ற இடமிருப்பது 12.5 லிட்டர், கூட அங்கே போய்ச்சேர எரிந்தது. யீஷூனிலிருந்து கிளம்பி, ஜாமில் நின்று, ஜேபியில் நாலு இடம் சுற்றி, எண்ணெய்க் கடைக்கு வருவதற்குள் ஒரு 3 லிட்டர் போயிருக்கும். நின்றுகொண்டிருக்கும் கார் ஏர்கானோடு மணிக்கு முக்கால் லிட்டர் சொச்சம் குடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆக ஊற்றுவது பதினைந்தரை லிட்டர். லிட்டருக்கு 1.33 என்று பெருக்கினால் 20.60 வெள்ளி வருகிறது. நண்பர்கள் இங்கேதான் கணக்கை நிறுத்திவிடுவார்கள். "போன தடவை மட்டும் இருபது வெள்ளி மிச்சம்டா!"

நிறுத்தாமல் போவோம். வெளிநாட்டு காருக்கு ஒவ்வொரு முறை நுழையும்போதும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், நம் காசில் 6 வெள்ளி. போச்சு. திரும்பி வரும் ஜாமில் இன்னொரு 3 லிட்டர். ஆகவே 37.5 லிட்டரோடு போனவர் வீட்டுக்குள் நுழையும்போது டேங்கில் இருப்பது 47 லிட்டர். உண்மையில் அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒன்பதரை லிட்டர்தான். சிங்கப்பூர் விலையில் அதன் மதிப்பு 21.85 வெள்ளி. அதற்காகச் செலவழித்தது பதினைந்தரை லிட்டரின் விலை 15.04, சாலைக் கட்டணம் 6.06, மொத்தம் 21.10. மிச்சம் எழுபத்தைந்து காசு. இதுபோகக் கடற்பாலத்தில் கட்டும் டோல் கட்டணத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நஷ்டம்.

அட்டையே இல்லாதவர், பலகை விலை 2.80க்கு அடிப்பவர் என்று வைத்தால்கூட ஐந்தரை வெள்ளிதான் தேறும், அதிலிருந்து டோல் போகும். இதற்காக மூன்று மணி நேரமா? என் மனைவி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் இத்தனை வருஷம் என்னை வெயில்ல உக்கார வெச்சியா?" என்று கேட்டாள். நாங்கள் போனது அவள் அண்ணன் வீட்டுக்கு என்பதை நினைவுபடுத்தினேன். அந்த வாதம் எடுபடவில்லை.

ஜேபிக்குப் போகிறவர்கள் எல்லாரும் எண்ணெய்க்காகவா போகிறார்கள்? இல்லை. முடி வெட்டவும், மளிகை வாங்கவும், ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடவும் போகிறார்கள். எப்படியும் போகிற பயணத்தில் கூடவே எண்ணெய் அடிப்பது நியாயம்தான், அப்போது அந்த இருபது வெள்ளிக் கணக்கைச் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்வது, எண்ணெய்க்காகவே கிளம்புகிறவர்களை. அவர்கள் நிறைய பேர். முக்கால் டேங்க் விதியை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். தடை போட்டால் சண்டை வரும். தடை போடாமல், பயணத்தின் லாபம் சரியாகப் பூஜ்ஜியத்தில் வந்து நிற்கும்படி ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறார். ரிங்கிட் இவ்வளவு இறங்கிய பிறகும் அந்தக் கோடு வேலை செய்கிறது.

அந்தக் கோட்டை மீற முடியாதபோது மனிதன் டேங்கின் மேல் பக்கத்தை நீட்டப் பார்க்கிறான். காரைக் குலுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஜொகூர் எண்ணெய்க் கடையில் சிங்கப்பூர் எண் பலகையோடு நிற்கும் ஒரு கார், ஒருவர் குழாயைப் பிடித்திருப்பார், இன்னொருவர் பின்பக்கத்தை மேலும் கீழும் அமுக்கிக்கொண்டிருப்பார். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வெளியேறி இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமாம். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கியவர்களும் உண்டு. இதில் எவ்வளவு கிடைக்கும்? ஒரு லிட்டர்? இரண்டு லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 2.66 வெள்ளி. உலகம் முழுக்கப் பார்த்துச் சிரிக்கக் கொடுத்த விலை.

குழாயின் நுனியை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? முனைக்கு அருகே சின்னதாக ஒரு துளை இருக்கும். எண்ணெய் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்கில் எண்ணெய் ஏறி அந்தத் துளையை மூடியதும் காற்று நின்று, உள்ளே அழுத்தம் மாறி, பிடி 'டக்'கென்று விடுபடும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. அந்த 'டக்' வந்த பிறகு இன்னொரு முறை அமுக்கி, இன்னொரு முறை அமுக்கி ஏற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டேங்கின் மேலே விட்டிருக்கும் வெற்றிடம் வெயிலில் எண்ணெய் விரிவதற்கும், ஆவி போவதற்கும். அந்த ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது. அதற்குள் திரவமாகவே எண்ணெய் போனால் பெட்டி வீணாகும். அதை மாற்றச் சிங்கப்பூர் பட்டறையில் ஆகும் செலவுக்கு எத்தனை முறை காரைக் குலுக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது நீண்ட பயணம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கிள்ளானுக்கு எங்கள் வீட்டிலிருந்து 350 கிலோமீட்டர் சொச்சம். தீபாவளிக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு முறை, பள்ளி விடுமுறையில் ஒரு முறை போவோம். துவாஸ் இரண்டாம் இணைப்பு, அதாவது மேற்கே இருக்கும் இரண்டாவது பாலம் வழியாகத்தான். 1998இல் அது திறந்தபோது இனி ஜாமே இருக்காது என்று பேசிக்கொண்டார்கள், அது ஒரு காலம். கிளம்பும் முன் டோல் கட்டும் டச் என் கோ அட்டையில் காசு இருக்கிறதா, விஇபி (வெளிநாட்டு வண்டிக்கான நுழைவு அனுமதி) ஒட்டு வில்லை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து விஇபி இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். எண்ணெயில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே சீட்டில் போய்விடும்.

முக்கால் டேங்கோடு, அதாவது 37.5 லிட்டரோடு போகிறோம். நெடுஞ்சாலையில் எங்கள் கார் நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிறது. சிங்கப்பூர் சிக்னல்களுக்கு நடுவே இதே கார் எட்டரை ஒன்பது குடிக்கும். கிள்ளானில் போய் இறங்கும்போது 25 லிட்டர் தீர்ந்து, பன்னிரண்டரை மிச்சம் இருக்கும். வழியில் நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. மாச்சாப் ஓய்விடத்திலோ பாகோ ஓய்விடத்திலோ நிற்பது தேநீருக்கும் கழிப்பறைக்கும்தான். ஆயர் குரோ ஓய்விடத்தில் விடுமுறை நாளில் எண்ணெய்க்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், பாதிப் பேர் சிங்கப்பூர் வண்டிகள். அரை டேங்க் இருக்கும்போதே பதற்றத்தில் நிற்கிறார்கள். முக்கால் டேங்க் விதி நமக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான். கோலாலம்பூர் வரை நிற்காமல் போகலாம். அந்த உபகாரத்தை வேண்டாம் என்பானேன்?

கிள்ளானில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில், வரிசையே இல்லாத கடையில், முப்பத்தேழரை லிட்டர். நாலு நாள் ஊர் சுற்ற 7 லிட்டர். திரும்பி ஜொகூர் வருவதற்கு 23. அங்கே மறுபடி 30 லிட்டர். மொத்தம் மலேசியாவில் ஊற்றியது 67.5 லிட்டர், 216 ரிங்கிட், 65 வெள்ளி. அதே எண்ணெய்க்கு இங்கே 155 வெள்ளி ஆகியிருக்கும். தொண்ணூறு வெள்ளி மிச்சம்! இன்னொரு விதமாகப் பார்த்தால், போகும்போது டேங்கில் இருந்ததன் மதிப்பையும் வரும்போது இருப்பதன் மதிப்பையும் கழித்துக் கூட்டினால், 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான மொத்தப் பயணத்துக்கும் எண்ணெய்ச் செலவு 37 வெள்ளி. நாங்கள் நாலு பேர். அதே 20 ரிங்கிட் சாலைக் கட்டணம்தான், இங்கே அது உறுத்துவதில்லை. நெடுஞ்சாலை டோல் தனி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டோல் கொடுத்த பிறகும் ஜேபிக்குப் போய்ப் பெற்ற எழுபத்தைந்து காசோடு ஒப்பிட முடியுமா?

இதில் கைக்குள் இருப்பது ஒன்றே ஒன்று, வேகம். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் 90. அங்கே 110. துவாஸ் தாண்டியதும் நம் ஆட்களுக்குக் காலில் என்ன வருமோ தெரியாது, 140இல் பறப்பார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், அதனால் 110இல் போகிறவரைவிட 140இல் போகிறவரின் டேங்க் கண்ணெதிரே வற்றும். சம்மன் தனி. மிச்சம் பிடிக்க வந்தவர்கள் செய்யும் காரியமா இது?

திரும்பும்போது இன்னொரு யோசனை. ஞாயிறு மாலை ஜேபியில் எண்ணெய்க் கடைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, வரிசை சாலை வரை வந்து நிற்கும். எல்லாரும் கடைசி நிமிடத்தில் கடைசிக் கடையில் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். நான் மாச்சாப் ஓய்விடத்திலேயே நிரப்பிவிடுவேன். அங்கிருந்து பாலத்துக்கு எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், ஆறு லிட்டர் போகும். அதாவது எட்டு வெள்ளியை விட்டுக்கொடுக்கிறேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க அரைமணி நேரம் முன்னதாக வரிசையில் சேர்ந்துவிடலாம். எட்டு வெள்ளிக்கு அது மலிவு. இதை நண்பர்களிடம் சொன்னால் "எட்டு வெள்ளியை யாராவது விடுவாங்களா?" என்கிறார்கள். ஒரு காபியும் கேக்கும் அதைவிட அதிகம், அதை யோசிக்காமல் வாங்குவார்கள். எண்ணெயில் மட்டும் ஒரு சொட்டுகூட விட மனம் வராது, என்ன மாயமோ.

முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. நம்மூர்போல் ஆள் வந்து "ஃபுல் டேங்க்கா சார்?" என்று கேட்டு ஊற்றமாட்டார். நாமேதான் ஊற்ற வேண்டும், அதுவும் முன்பணம். உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லிக் காசு கட்டலாம். பம்பிலேயே அட்டையைச் செருகினால் முதலில் 200 ரிங்கிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சரியான தொகை கழியும். டெபிட் அட்டையென்றால் அந்த 200 திரும்பிவரச் சில நாள் ஆகலாம். கல்லாவில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் வேலை சுலபம். "அண்ணே, சிங்கப்பூர் காடிதானே? பச்சையை எடுங்கண்ணே, மஞ்சளைத் தொட்டுறாதீங்க, எங்களுக்குத்தான் பிரச்சினை வரும்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அவன் சொன்னது சரி. வெளிநாட்டு வண்டிக்கு 95 விற்றால் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். எண் பலகையில் டேப் ஒட்டி மறைத்து 95 ஊற்றுகிற நம் ஆட்களின் படங்களும் சுற்றுகின்றன. அவர்கள் மிச்சம் பிடிப்பது மலேசிய ஏழைக்கு என்று ஒதுக்கிய காசை. 97 வாங்குகிறவனைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, அது சந்தை விலை, அவன் முழுக் காசு கொடுக்கிறான்.

2025 செப்டம்பர் கடைசியில் இந்த விஷயத்துக்கு ஒரு புதுத் திருப்பம் வந்தது. புடி95 என்று திட்டம். மலேசியக் குடிமக்கள் மைகார்டைக் (அடையாள அட்டை, பேச்சில் ஐசி) காட்டினால் 95 லிட்டர் 1.99 ரிங்கிட், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு அப்போது 2.60. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து 2.15இலிருந்து 3.35க்கு ஒரே நாளில் ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு, 95க்கும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துதான் இருந்தது. இனி மானியம் குழாய்க்கு இல்லை, ஆளுக்கு. இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். குழாயைக் காவல் காப்பதைவிட அட்டையைக் கேட்பது சுலபம்.

இந்த ஏற்பாடு வந்த பிறகு கிள்ளான் போனபோது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என் ஐசி சும்மாதானேடா கிடக்கு. முந்நூறு லிட்டர் குடுத்திருக்கான். நான் கோயிலுக்கும் பசாருக்கும் ஓட்டுறதுக்கு அறுபது எழுபதுகூட ஆகாது. மிச்சத்த நீ ஊத்திக்கயேன்."

"மாமா, நம்பர் பிளேட்டைப் பாத்தாலே தெரியுமே. கடைக்காரன் விடமாட்டான்."

"என் கூட்டாளி கடைதான்."

அடுப்படியிலிருந்து அத்தை சத்தம் போட்டார். "மூணு மடங்கு மாத்திட்டு வர்றவனுக்கு எதுக்குங்க நம்ம கவர்மெண்டு காசு? அவன் பச்சையிலயே ஊத்தட்டும்."

மாமாவுக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். சாயங்காலம் நானும் அவரும் கடைக்குப் போனோம். நான் பச்சைக் குழாயை எடுத்து மூடி திறப்பதற்குள் அவர் உள்ளே போய் 120 ரிங்கிட் கட்டிவிட்டு வந்திருந்தார். வேண்டாம் மாமா என்றால் கேட்கிற ஆளா அவர்? ஆக அந்த முறை என் கணக்கில் கிள்ளானில் ஊற்றிய முப்பத்தேழரை லிட்டர் இலவசம். அதை மேலே உள்ள தொண்ணூறு வெள்ளியில் நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதானால், மாமா வீட்டுக்குச் சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கிக்கொண்டு போன இரண்டு பை சாமான் ரசீதையும் சேர்க்க வேண்டியிருக்கும்.